கேற்றடியில் நின்றவள்

சின்னம்மாக்காரி என்றால் ஆருக்குத்தான் சந்தேகம் வராது? ஆசுப்பத்திரித் தாதி சிவனேஸ்வரி மிஸ்ஸிக்கும் வந்தது. வட்டக்கச்சிக் குடியேற்றத்திலிருந்து கொண்டுவந்த சின்னப்பெட்டை தங்கமலரின் முதுகெல்லாம் வட்டம் வட்டமாகச் சூட்டுப் புண். "கஞ்சி தெறிச்சிட்டுது மிஸ்ஸி. பெத்த தாய் இருந்தால் இப்பிடி நடக்குமோ?" என்று தகப்பன் அப்புத்துரை கண்ணைத் துடைத்தான். பின்னால் நின்ற அவனுடைய இரண்டாம் பெண்சாதி நாகேஸ்வரி வாயே திறக்கவில்லை.

கஞ்சி தெறித்தால் வழியும், பரவும். இப்படி அளவெடுத்த வட்டமாகவா சுடும்? பொய் என்று மிஸ்ஸிக்கு உடனே விளங்கிவிட்டது. பாவம் மனுசன், பெண்சாதி செய்த வேலையைக் குடும்ப மானத்துக்காக மூடுகிறான் என்று அவனுக்காக இரங்கினாளே, அங்கேதான் பிசகிற்று. நாகேஸ்வரியை உள்ளே விடவேண்டாமென்று கேற்றுக் காவல்காரர் தவராசாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அவளானால் போகிற பாடில்லை. வெயிலென்ன மழையென்ன, பிள்ளை கிடந்த வாட்டைப் பார்த்தபடி ஆசுப்பத்திரிக் கேற்றடியிலேயே நின்றாள். பிள்ளை வாய் திறந்திடுமோ என்று காவல் நிற்கிறாளாக்கும், என்று மிஸ்ஸி கறுவிக்கொண்டாள். அப்புத்துரையோ விசுக்கோத்தும் கையுமாக வந்து கட்டிலடியில் கதிரை போட்டு இருப்பான். அவன் போனபிறகு பார்த்தால் விசுக்கோத்து அப்படியே கிடக்கும், படுக்கை நனைந்திருக்கும். அந்தப் பழியையும் மிஸ்ஸி சின்னம்மாவின் தலையிலேயே போட்டாள்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளும் வந்தது. அப்புத்துரை மாட்டுவண்டியோடு கேற்றுக்கு வெளியே காத்துநின்றான். கடைசித் தரம் மருந்து கட்டப் போக, பிள்ளை சுவரோடு ஒண்டிவிட்டது. அமத்திப் பிடிக்க அற்றென்டன் மனுசி வந்தாள்.

"பிடிக்காதை," என்று மறித்த மிஸ்ஸி, எட்டத் தள்ளி நிலத்தில் குந்தினாள். "நீங்கள் ஓம் எண்டால்தான் தொடுவன், பிள்ளை. ஆர் பக்கத்தில நிக்கோணும்? அப்பாவைக் கூப்பிடட்டோ?"

பிள்ளை தலையை ஆட்டி மறுத்தது. "சின்னம்மா."

பயப்படுத்தி வைத்திருக்கிறாளோ? என்றாலும் கேட்டாயிற்று. கேட்டுவிட்டுத் தட்டிக்கழித்தால் பிள்ளை இனி ஆரை நம்பும்? கூப்பிட்டாள்.

நாகேஸ்வரி வந்து கட்டிலில் இருந்ததுதான் தாமதம், பிள்ளை அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தானாகவே முதுகைக் காட்டியது. மிஸ்ஸி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மருந்துச் சீலையை மெல்ல வைத்தாள்.

"அப்பான்ர சுருட்டு," என்றது பிள்ளை.

மிஸ்ஸியின் கை அப்படியே நின்றுவிட்டது. வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை. "ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நம்பியிருப்பியளோ?" நாகேஸ்வரி பிள்ளையின் தலையைத் தடவினாள். "அந்தாள் வண்டியில ஏத்தினால் குறுக்க விழுந்தாவது மறிப்பம் எண்டுதான் கேற்றடியில நிண்டனான்."

தெருப்பக்க யன்னலால் சுருட்டு மணம் வந்தது. "முடிஞ்சுதோ மிஸ்ஸி?" என்று அப்புத்துரை வெளியிலிருந்து கேட்டான். பிள்ளையின் முதுகு மிஸ்ஸியின் கைக்குள் விறைத்தது.

மிஸ்ஸி எழும்பி வாசலுக்கு வந்தாள்.

"தவராசாண்ணை, கேற்றைப் பூட்டுங்கோ. தாய் உள்ளுக்கை இருக்கிறா. இனி தகப்பன்தான் வெளியில."