செதில் உதிரும் வரை

ஒஃபேலியா நாற்காலி மேல் ஏறி நின்று, தாழ்வாரத் தூணைப் பற்றிக் கூரைவரை போயிருந்த பினியனோனாக் கொடியின் இலைகளை வெட்டிக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி வைக்க, வாங்கிவந்த வெள்ளைப் பூக்கள் போதவில்லை.

"ஓட்டை நிறைய இருக்கிறதா பாத்து வெட்டு. உங்கப்பாவுக்கு அதுலதான் பெருமை," என்றாள் பக்கத்து வீட்டுத் தோமாசா. "அந்த மனுஷன் ஈரத் துணியால இலையத் தொடைச்ச மாதிரி எங்க வீட்டுக்காரன் என் மூஞ்சிய ஒரு தடவை தொடைச்சிருந்தா, நான் இன்னும் குமரியாவே இருந்திருப்பேன்."

ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வாய்க்குள் சிரித்தார்கள். ஒஃபேலியா அடுத்த காம்பைப் பிடித்தாள்.

காட்டில் மரமேறினால் காய்க்கும் கொடி அது. வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது இலைக்காகத்தான். அப்பாவின் கொடி மட்டும், அவர் படுக்கையில் விழுந்த பிறகு, சோளக்கதிர் போல ஒரு காய் விட்டது. "பச்சைச் செதில் தானா உதிரணும். அவசரப்பட்டா வாய் வெந்துரும்," என்று படுத்தபடியே சொல்லிக்கொண்டிருப்பார். இந்த மலையில் அது குழந்தைகளுக்கும் தெரியும்.

டாக்டர் அவளை வெளியே அழைத்து, இனி ஓரிரு நாள்தான் என்றார். அதற்குள் பழுக்கட்டும் என்று அன்றே காயை அறுத்து, காகிதத்தில் சுற்றி அடுப்பருகில் வைத்தாள்.

நேற்றுக் காலை அடிப்பக்கத்தில் சில செதில்கள் உதிர்ந்திருந்தன. விரலால் கிள்ளித் தின்று பார்த்தாள். தேனாக இருந்தது. அவருக்கு அந்தத் துளி போதாது என்று, மேலே ஒட்டியிருந்த செதில்களையும் கத்தி முனையால் நெம்பினாள். உள்ளே அதே வெள்ளைச் சதைதான். மசித்து ஊட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அடுத்த கரண்டிக்கும் வாயைத் திறந்தார்.

மதியத்துக்குள் உதடும் நாக்கும் வீங்கிவிட்டன. பால் கொடுத்தாள், தேன் தடவினாள். குரல் திரும்பவில்லை.

அன்று மாலைதான் தொலைவில் திஹுவானா நகரத்திலிருந்து அண்ணன் இலாரியோ போன் செய்வதாக இருந்தது. பல வருடங்களாக முகம் கொடுக்காத மகனிடம் பேச, அப்பாவைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான். போனை அவர் காதில் வைத்தாள். அவர் வாயை அசைத்து அசைத்துப் பார்த்தார். காற்றுதான் வந்தது. "லைன் சரியில்லண்ணா," என்று சொல்லி வைத்துவிட்டாள். விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

ஊர் வந்துசேர்ந்த இலாரியோ தோள்பையோடு நேராகப் பெட்டியருகே போய் நின்றான்.

"உதடு ஏன் இப்படி இருக்கு?"

"செத்தவங்களுக்கு அப்படித்தான் ஆகும் தம்பி," என்றாள் தோமாசா.

ஒஃபேலியா காபித் தட்டோடு வந்தாள். அவன் அவளைப் பார்க்காமலே கேட்டான்.

"லைன் நல்லாத்தான் இருந்துச்சு. அவர் மூச்சு விடுறதுகூடக் கேட்டுச்சு. எங்கூடப் பேச அவருக்குக் கடைசிவரைக்கும் மனசு வரல. அதானே?"

"அப்படியில்லண்ணா."

"பின்ன எப்படி?"

அவள் தட்டை அவன் பக்கம் நீட்டினாள்.

இலாரியோ பையைத் தரையில் வைத்தான். மெழுகுவர்த்தியை ஓரமாக நகர்த்தினான். குனிந்து, அப்பாவின் வாயருகே தன் காதைக் கொண்டுபோய் அப்படியே நின்றான். காபியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.