ஆறு சதவீதம்

வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்று குடியிருப்பவர்களைக் கேட்டு, வீடுகளை வாடகைக்கு விட்டிருந்த வீட்டு வசதிச் சங்கம் நவம்பரில் ஒரு படிவம் அனுப்பியிருந்தது. நாலு சதவீதம் என்றால் வீட்டில் எதுவும் மாறாது; ஆறு என்றால் புது ஜன்னல்கள். பதினைந்து வயது ஐலி, அம்மாவுக்குத் தெரியாமல் ஆறில் டிக் அடித்து அனுப்பிவிட்டாள்.

முடிவு இன்று காலை தபாலில் வந்தது. வேலைக்குக் கிளம்பிய அம்மா ஷோனா, கோட்டோடு நின்றபடியே படித்தாள்.

"ஏப்ரல்லேருந்து வாடகை ஆறு சதவீதம் ஏறுதாம். குடியிருக்கறவங்களே கேட்டாங்களாம். இங்க ஹீட்டரை அணைச்சு வெச்சு ஓட்டறேன், எந்த மகராசன் கேட்டான்?"

ஐலி ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"நம்ம ஃபாரத்தை நான்தாம்மா போட்டேன். ஆறுன்னு."

"என் கையெழுத்து?"

"அதுவும் நான்தான். ஜன்னலைச் சுத்தி ஒரே பூஞ்சை. தம்பி விடியவிடிய இருமறான்."

ஷோனா கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள்.

"நம்ம தெருவுக்கு மூணாவது வருஷந்தான் ஜன்னலாம். படிச்சியாடி இதை?"

ஐலி தலையைக் குனிந்துகொண்டாள். அடி விழும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அம்மா போனை எடுத்துச் சங்கத்தைக் கூப்பிட்டாள்.

"ஆறு வேணும்னு கேட்டது நாங்கதாங்க," என்றாள், மகளை முறைத்தபடி. "இந்த வருஷமே எங்க ஜன்னலை மாத்தணும். யார்கிட்ட பேசணும், சொல்லுங்க."