முட்டை ஓட்டுக்குப் போன உயரம்

நெட்டையரின் மனைவி ஒரு சாண் குள்ளமான வருஷத்தில்தான் அவர்கள் பண்ணை முட்டைக்கு வட்டாரத்திலேயே கெட்டியான ஓடு என்ற பெயர் கிடைத்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று அப்போது யாரும் கேட்கவில்லை. முட்டை நன்றாக இருக்கும்போது அப்படியெல்லாம் கேட்பது அந்தத் தொழிலில் வழக்கமில்லை.

நெட்டையர் எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார், அந்தக் குனிவைக்கூட ஒரு பெருமையாகவே செய்வார். பண்ணையில் வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. வியாபாரமும் பேச்சும் விருந்தாளிகளுக்குக் கூண்டுகளைச் சுற்றிக்காட்டுவதும் அவருக்கு, கோழிகள் வீட்டம்மாவுக்கு. தீனி போடுகிற கை மாறினால் கோழி மிரளும், மிரண்டால் முட்டை குறையும் என்பது பண்ணைச் சட்டம். கையோடு உடுப்பும் மாறக்கூடாது என்பதால் நெட்டையர் கல்யாணமான புதிதில் மனைவிக்கு ஒரு நீலக் கோட்டு வாங்கி மாட்டிவிட்டார். அதை மாட்டியவர் மாட்டியவர்தான். காய்ச்சலிலும் அந்தக் கோட்டோடு தீனித் தொட்டியை ஒட்டி நடந்தார், சொந்த அக்காவின் கல்யாணத்துக்குப் போகாமல் அந்தக் கோட்டோடு நின்றார். கோழிகள் ஒரு நாளும் மிரளவில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத் தீவனக் கம்பெனியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து சேர்ந்தார். எதை எடுத்தாலும் கலோரியில் பேசியதால் அவரை எல்லோரும் கலோரி சார் என்றார்கள். அவர் தன் பேச்சுக்குத் துரோகம் செய்யாத மனிதர். மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக இரண்டு கரண்டி எண்ணெயைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார். "கோழி வயித்துக்குத் தின்னாது சார், சக்திக்குத் தின்னும். தேவையான சக்தி கிடைச்சாச்சுன்னா அலகை மூடிக்கும். தவிடு மாதிரி சத்தில்லாததைப் போட்டா மூட்டை மூட்டையா முழுங்கும். எண்ணெயை ஏத்துங்க, ரெண்டு கொத்துல எழுந்து போயிடும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கோழி குறைவாகத் தின்றால் அந்தத் தீனியோடு கலந்திருக்கிற புரதமும் சுண்ணாம்பும் குறைவாகத்தானே உள்ளே போகும், ஆகவே எண்ணெயை ஏற்றினால் அவற்றையும் ஏற்ற வேண்டும் என்பது அதே பாடத்தின் அடுத்த பக்கம். அந்தப் பக்கத்துக்கு அவர் வரும்போதெல்லாம் காபி வந்துவிடும்.

எண்ணெய் ஏறியது, தீனி இறங்கியது. நெட்டையருக்கு வாயெல்லாம் பல். ஆசை அதோடு நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் கொஞ்சம் குறைவான தீனி என்று போய், கடைசியில் கோழிகள் காலையில் ஆளுக்கு ஒரு சோளத்தை மரியாதைக்காகக் கொத்திவிட்டுப் பகல் முழுக்க யோசனையில் உட்கார்ந்திருந்தன. ஆனால் முட்டை தவறவில்லை. இதே கலவையைப் போட்ட மற்ற பண்ணைகளில் ஓடு காகிதமாகி, அட்டையில் அடுக்கும்போதே உடைந்தது. இங்கே மட்டும் முட்டையை மேஜையில் தட்டினால் மேஜைக்கு வலித்தது. முதல் மாதம் கொட்டகைச் சுவர்களில் அடித்திருந்த வெள்ளை காணாமல் போய்ச் செங்கல் தெரிந்தது. மழையில் கரைந்திருக்கும் என்றார் நெட்டையர். மழை பெய்யவில்லை என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. சுவர்கள் தீர்ந்த பிறகு கோழிகள் தங்களுக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தீனி போடுகிறவரின் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளத் தொடங்கின. தொடவுமில்லை, கொத்தவுமில்லை. வீட்டம்மா தொட்டியை ஒட்டி நடந்து அந்தக் கடைசிக்குப் போகும்போது இந்தக் கடைசியில் இருந்ததைவிட ஒரு மயிரிழை குட்டையாக இருப்பார், அவ்வளவுதான்.

நீலக் கோட்டு தரையில் இழுபட்டது, மடித்துத் தைத்துக்கொண்டார். மறுபடி இழுபட்டது, மறுபடி தைத்தார். ராத்திரி படுத்தால் முழங்காலும் இடுப்பும் உள்ளிருந்து யாரோ சுரண்டுவதுபோல் வலித்தன. டாக்டரிடம் போனார். டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே, "நாப்பது தாண்டினா பொம்பளைங்களுக்கு எலும்பு தேயத்தான் செய்யும், கவலைப்படாதீங்க" என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை சாப்பிட்ட வாரம் முட்டை ஓடு இன்னும் கெட்டியானது. நெட்டையர் அதைக் கவனித்துவிட்டார். மனிதர் கவனிக்காதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அன்று முதல் வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை போட்டியா?" என்பதுதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் அதைக் கேட்டு, இப்படி ஒரு கணவன் அமைய வேண்டுமே என்று பெருமூச்சு விட்டார்கள். வீட்டம்மாவுக்கு மட்டும் ஏனோ அந்தக் கேள்வியைக் கேட்டதும் அழுகை வரும்.

வெற்றி இந்த அளவுக்கு முற்றியதும் கலோரி சார் மற்றப் பண்ணைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர்களில் ஒருவர், ஓடு உடைந்தே நொந்துபோனவர், ஒரு முட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி சார். கோழி ஒண்ணுமே திங்கலயே, ஓட்டுக்குச் சுண்ணாம்பு எங்கேர்ந்து வருது?"

"எங்கேர்ந்தாவது எடுத்துக்கும்" என்றார் கலோரி சார். "தீனியில இல்லன்னா தன் எலும்புலேர்ந்தே உருவிக்கும்."

"இதுங்க எலும்பு திடமாத்தானே இருக்கு?"

அப்போது வீட்டம்மா தீனிக் கரண்டியோடு அவர்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒரு காலத்தில் அவர் இடுப்புக்கு இருந்த தீனித் தொட்டி இப்போது தாடைக்கு வந்திருந்தது. எல்லோரும் ஒரு கணம் அவரைப் பார்த்தார்கள். பார்த்ததும் புரிந்துவிட்டது, புரிந்ததும் சங்கடமாகிவிட்டது. கலோரி சார் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த கூண்டு வரிசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நெட்டையர் மட்டும் விருந்தாளிகளைச் சமாதானப்படுத்தும் குரலில், "அவளுக்கு ஒண்ணுமில்ல. ஆரம்பத்துலேர்ந்தே ஒடிசலான உடம்பு" என்றார். கல்யாணத்தின்போது வீட்டம்மாவின் தலை அவர் தோளுக்கு இருந்தது. அந்த இடத்தில் வீட்டம்மாவைத் தவிர அதைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் காலை வீட்டம்மா நீலக் கோட்டைக் கழற்றி, தையலையெல்லாம் பிரித்து, கணவர் கையில் கொடுத்தார். "எனக்கு எட்டல. இனிமே நீங்க போடுங்க."

"கை மாறினா கோழி மிரளுமே?"

"கோட்டு மாறலையே."

நெட்டையர் கோட்டை வாங்கி மாட்டிப் பார்த்தார். கோட்டு அவருக்கு முழங்கை வரைக்கும்தான் வந்தது. பித்தான் போட முடியவில்லை. கோழிகள் அந்த ஆளை மேலும் கீழும் பார்த்தன, மிரளவில்லை. அவ்வளவு உயரமான சரக்கைக் கண்டு அவற்றுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கலாம். அந்த வாரம் முட்டைகள் முன்னைவிடப் பெரிதாக வந்தன, கலோரி சார் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

வாசலில் குனிய வேண்டிய அவசியம் இல்லாமல் போன அன்றுதான் நெட்டையர் முதலில் திடுக்கிட்டார். வீடு உயர்ந்துவிட்டதோ என்று கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு செருப்பைக் குறை சொன்னார், மெத்தையைக் குறை சொன்னார், துவைத்ததில் கால்சட்டை நீண்டுவிட்டது என்று சலவைக்காரரிடம் சண்டைக்குப் போனார். டாக்டர் இந்த முறை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஆம்பளைங்களுக்கு இப்படி வரக் கூடாதே" என்று இருக்கிற பரிசோதனையெல்லாம் எழுதி, இரண்டு பெரிய டாக்டர்களுக்கும் போன் செய்தார். வீட்டம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கால்கள் தரைக்கு எட்டவில்லை.

கோட்டு நெட்டையருக்கு அளவாகப் பொருந்தியது, பிறகு தொளதொளத்தது, பிறகு இழுபடத் தொடங்கியது. மடித்துத் தைத்துக் கொடுக்கச் சொன்னார், வீட்டம்மா ஊசி நூலை எடுத்துக் கொடுத்தார். என்ன செய்தால் இது நிற்கும் என்று வீட்டம்மாவுக்குத் தெரியும். ரகசியமில்லை, கலோரி சார் தினமும் சொன்னதுதான், அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். எண்ணெயைக் குறைத்துத் தவிட்டைச் சேர்த்தால் கோழி சக்திக்காக நிறையத் தின்றாக வேண்டும். நிறையத் தின்னும்போது கிளிஞ்சல் தூளைக் கலந்துவிட்டால் தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தொட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தவிட்டு மூட்டையும் கிளிஞ்சல் மூட்டையும் கொட்டகை மூலையில் தயாராகவே இருந்தன. வீட்டம்மா அவற்றைத் தொடவில்லை. நெட்டையரின் தலை அவர் தலைக்குச் சமமாக வந்தது. அப்போதும் தொடவில்லை.

ஒரு நாள் மதியம் நெட்டையர் தீனி போட்டுவிட்டு வந்து, படியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் கையால் பிடித்துக்கொண்டார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்: "உனக்கும் இப்படித்தான் வலிச்சுதா?"

"ம்" என்றார் வீட்டம்மா. எழுந்து கொட்டகைக்குப் போய் இரண்டு மூட்டைகளின் வாயையும் பிரித்தார். சற்று நேரத்தில் கோழிகள் தொட்டியைக் கொத்துகிற சத்தம், அந்தப் பண்ணையில் மறந்தே போயிருந்த சத்தம், வீடு வரைக்கும் கேட்டது. மழைபோல் கேட்டது.

அன்றோடு குறைவது நின்றது. போனது திரும்பவில்லை, அது முட்டை ஓடாகிக் குப்பைக்குப் போய்விட்டது. கலோரி சார் புதுக் கலவையைப் பார்த்துவிட்டு, இதைத்தான் தான் முதலிலிருந்தே சொன்னதாகச் சொல்லி, அதற்குத் தன் பெயரையே வைத்துவிட்டார். தெரிந்திருந்தும் ஏன் அத்தனை நாள் விட்டுவைத்தாய் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, வீட்டம்மா முட்டை அடுக்குவதை நிறுத்தாமல், "அவர் கேக்கட்டும்னு இருந்தேன்" என்றார். இருவரும் இப்போது தொட்டியோரம் பலகை போட்டு, அதன்மேல் ஏறி நின்று, நாள் மாற்றி நாள் தீனி போடுகிறார்கள், கோழிகள் மிரளுவதில்லை. ஊர்க்காரர்களும் பழகிக்கொண்டார்கள், கடைத்தெருவில் சேர்ந்து நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்பதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டதால் நெட்டையர் மனைவியைவிட ஒரு விரல்கடை குட்டையாகவே நின்றுபோனார்.