கேட்காமல் கொடுத்த இடம்

திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகிற வழியில் உள்ள அந்தச் சின்ன மாதா கோயிலுக்குக் கலையரசிதான் கோயில்பிள்ளை. பூசைக்கு மணி அடிப்பது, பீடத் துணி துவைப்பது, சாவிகளை வைத்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு. கொத்தனாராக இருந்த கணவன் சகாயராஜ் செத்த பிறகு பங்குச் சாமியார் பார்த்துக் கொடுத்த வேலை.

புயல் கரை கடந்த மறுநாள் ஏரி உடைத்துக்கொண்டது. கரையோரம் குடிசை போட்டிருந்த இருளர் குடும்பங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து கோயில் கேட்டில் நின்றன. பள்ளிக்கூடத்துக்குள்ளும் வெள்ளம். மேட்டில் இருந்தது கோயிலும், பக்கத்தில் புதிதாகக் கட்டிய மண்டபமும்தான்.

"யக்கா, மண்டபத்தத் தொறந்து வுடு. புள்ளைங்க நடுங்குது" என்றாள் பொன்னி. செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். அவள் புருஷன் ஜெகதீசன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இளைப்பு. மழைச் சத்தத்தையும் மீறி அவன் நெஞ்சு கீச்சிடுவது கேட்டது.

"இருங்க, சாமியாரக் கேட்டுட்டு வர்றேன்."

விழுப்புரத்துக்குக் கூட்டத்துக்குப் போன சாமியார், ரோட்டில் வெள்ளம் போனதால் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். போனில் அவர் குரல் விட்டு விட்டு வந்தது. "ராயப்பன ஒரு வார்த்த கேட்டுக்கோம்மா, அவரு..." அத்தோடு லைன் போய்விட்டது. அப்புறம் கிடைக்கவே இல்லை.

ராயப்பன் பங்குப் பேரவைச் செயலாளர். எதிர்த் தெருவில் வீடு. வாசலுக்கே வந்து பதில் சொன்னார்.

"இன்னாம்மா பேசற? ஞாயித்துக்கெழம ஆயர் வந்து மண்டபத்த மந்திரிச்சுத் தொறக்கப் போறாரு. பெயிண்டு கூட காயல. அவங்க நம்ம ஆளுங்களும் இல்ல. நான் தாலுக்கா ஆபீசுக்குப் போன் பண்றேன், கவர்மெண்டு பாத்துக்கும்."

"ஒருத்தருக்கு மூச்சு முட்டுதுண்ணே."

"அதான் பண்றேன்னு சொல்றேன் இல்ல? நீ பாட்டுக்கு மண்டபத்தையோ கோயிலையோ தொறந்துடாத."

கலையரசி திரும்பி வந்து, "கேட்டுக்கினு இருக்காங்க" என்றாள். மாதா சிலை இருந்த கெபியின் கூரைக்கடியில் குழந்தைகளை ஒண்டவைத்தார்கள். பெரியவர்கள் மழையில் நின்றார்கள். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். சாமியாரின் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். அந்நியரை ஏற்றுக்கொண்டவர்களைப் பற்றிய வாசகத்தைப் பூசையில் எத்தனையோ தடவை அவளே வாசித்திருக்கிறாள். அது அப்போது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. இந்த வேலையும் போய்விட்டால் சோற்றுக்கு எங்கே போவது என்பதும் கூடவே வந்தது. மடியில் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு செபமாலை சொன்னாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் பொன்னி அவள் எதிரே வந்து நின்றாள். அழவில்லை.

"கூப்ட்டா பேச மாட்டேங்கறாரு எங்க வூட்டுக்காரரு."

அதற்குப் பிறகுதான் மண்டபம் திறந்தது. புதுத் தரையில் ஜெகதீசனைக் கிடத்தினார்கள். உயிர் இல்லை. அவன் உடம்பிலிருந்து வடிந்த தண்ணீர் டைல்ஸில் ஓடியது. கலையரசி ஒரு துணியை எடுத்து வந்து, எதைத் துடைப்பது என்று தெரியாமல் நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. செபமும் வரவில்லை.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. இருளர்கள் பிணம் புதைக்கும் இடமோ ஏரித் தண்ணீருக்கடியில் கிடந்தது. கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். அங்கே சகாயராஜ் பக்கத்தில் கலையரசிக்கென்று ஓர் இடம் விட்டு வைத்திருந்தார்கள். அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தை வெட்ட ஆரம்பித்தாள். இருளர் ஆண்கள் வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்கள்.

ராயப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஞானஸ்நானம் வாங்காதவன இங்க பொதைக்கறதா? யாரக் கேட்டும்மா பண்ற?"

"யாரையும் கேக்கலண்ணே. நேத்துதான் கேட்டேனே."

ராயப்பன் குழியைப் பார்த்தார், மண்டபத்துப் பக்கம் பார்த்தார். விடுவிடென்று வீட்டுக்குப் போனவர், பிணத்துக்குப் போர்த்தப் புதுக் கோடி வேட்டி ஒன்றோடு வந்தார். யார் கையிலும் கொடுக்காமல் குழிமேட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ரோடு திறந்ததும் சாமியார் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"உம்மேல தப்பில்லம்மா. நான்தான் தெளிவாச் சொல்லியிருக்கணும்."

"சாவி எங்கிட்ட இருந்துது சாமி" என்றாள் கலையரசி.

பாவசங்கீர்த்தனம் செய்தாள். பாவமன்னிப்பு கொடுக்கும்போது சாமியாரின் கண்தான் கலங்கியது. ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்றார் அவர். அவள் அதை நம்பினாள். ஆனால் பக்கத்து வீட்டுக்கு வந்த சேதியைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

ஆயர் வருகை தள்ளிப்போனது. தண்ணீர் வடிந்ததும் இருளர் குடும்பங்களை என்ன செய்வது என்று சாமியார் யோசித்துக்கொண்டிருந்தபோது, "குடிச கட்டி முடிக்கற வரைக்கும் இங்கதான் இருப்பாங்க" என்றாள் கலையரசி. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மண்டபத்துக்குப் பின்னால் கல் கூட்டி அடுப்பு மூட்டி தினமும் அவளே சமைத்தாள். ராயப்பன் வீட்டிலிருந்து ஒருநாள் அரிசி மூட்டை வந்தது. பந்தியில் பொன்னி கடைசியாக உட்கார்ந்திருந்தாள். கலையரசி அவள் தட்டில் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?"

"போதும்" என்றாள் பொன்னி, நிமிராமலே. பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

கலையரசி காலிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ராத்திரிக்கு உலை வைக்க வேண்டியிருந்தது.