லீட்டருக்கு ஏழு ஓடிய பிள்ளையார்

வெள்ளவத்தையில் கார் வைத்திருப்பவனிடம் சனம் இரண்டு கேள்விதான் கேட்கும். எங்கே நிப்பாட்டுறனீர்? லீட்டருக்கு எத்தனை ஓடுது? முதல் கேள்விக்கு வினோதனிடம் பதில் இருந்தது. தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், மூன்றாம் மாடிச் சிவபாலன் அங்கிளின் கார் வெளியே போக முடியாதபடி அதற்கு நேர் முன்னால். இரண்டாவது கேள்விக்கு அவன் இருமுவான்.

உண்மையான பதில் ஏழு கிலோமீற்றர். கியூஆர் அட்டைக்குப் பெற்றோல் அளந்து கொடுத்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை அடித்த பெற்றோல் புதன்கிழமை ஆவியாகிவிடும். பெற்றோல் செட்காரர் களவெடுக்கிறார்கள் என்பது அம்மா ஜெகதீஸ்வரியின் தீர்ப்பு. வினோதனுக்கு வேறொரு காரணம் தெரியும். அதன் மேல் அவனே பிள்ளையாரை ஒட்டியிருந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் மீற்றர் கண்ணாடிக்குள் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு எரியத் தொடங்கியது. இஞ்சின் வடிவத்தில், இஞ்சினுக்குச் சுகமில்லை என்று சொல்லும் விளக்கு. புத்தியுள்ளவன் கராஜுக்குப் போயிருப்பான். கணிதத்தில் பட்டம் பெற்ற வினோதன் கோயிலடிக் கடைக்குப் போய், ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் வாங்கி விளக்கின் மேல் ஒட்டினான். வைப்பர் கிரீச்சிட்டாலே காரை வெளியில் எடுக்க விடாத தாயிடம் விளக்கைக் காட்டுவது அறிவுடைமை அல்ல என்பது அவன் கட்சி.

ஸ்டிக்கர் மலிவு. ஆகையால் மெல்லியது. அடுத்த வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளையாருக்குப் பின்னால் பொன்னிறத்தில் ஒரு ஒளிவட்டம் எழுந்தது.

"தம்பி! பாத்தியோடா! அவர் பிரகாசிக்கிறார்!"

உண்மையைச் சொல்ல அதுதான் தருணம். வினோதன் காலி வீதியைப் பார்த்தான். காலி வீதியில் பார்ப்பதற்கு எப்போதும் ஏராளம் உண்டு.

அந்த நாட்களில் விளக்கு ஒரு வாரம் எரியும், ஒரு வாரம் எரியாது. அம்மா இதிலிருந்து ஒரு முறையை வகுத்தார். வெள்ளிக்கிழமைகளில் முன் ஆசனத்தில் இருந்து, கண்ணை மூடி, மனதுக்குள் ஒரு கேள்வி கேட்பார். கண் திறக்கும்போது ஒளி இருந்தால் ஓம். இல்லாவிட்டால் இல்லை. இப்படியாக அக்கா சுபோதினியின் கனடாப் பயணம் இரண்டு தரம் தள்ளிப்போனது. தெஹிவளைப் பெரியம்மாவின் புது வீட்டுக் குடிபூரலுக்கு இவர்கள் போகவில்லை. பெரியம்மா இன்னும் கதைப்பதில்லை.

கடந்த நாலு மாதமாக விளக்கு அணையவே இல்லை. பிள்ளையார் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். அம்மா புது ஃபிரிட்ஜ் வாங்கினார், யோகா வகுப்பில் சேர்ந்தார், மூட்டு வலியோடு அதிலிருந்து விலகினார். மூன்றுக்கும் அனுமதி கிடைத்தது.

இதைவிட நல்ல முகூர்த்தம் வராது என்று வினோதன் கணக்குப் போட்டான். ஒரு திங்கட்கிழமை இடியப்பத்துக்குச் சொதி விட்டபடி விஷயத்தை அவிழ்த்தான்.

"றஷ்மி எண்டு ஒரு பிள்ளை, அம்மா. என்னோட வேலை செய்யிறவ. கொட்டாஞ்சேனை. வேதக்காரர். தகப்பன் கராஜ் வச்சிருக்கிறார்."

அம்மா சொதிச் சட்டியை மூடினார். மூடியை நேராக வைத்தார்.

"வெள்ளிக்கிழமை அவரைக் கேப்பம்."

வினோதன் அன்று இன்னும் மூன்று இடியப்பம் சாப்பிட்டான்.

புதன்கிழமை றஷ்மியின் தகப்பன் ஒஸ்வால்ட் அவனைப் பார்க்க வேண்டும் என்றார். அரை நாள் லீவு போட்டு, புதுச் சேர்ட்டும் ஒரு பெட்டி கேக்குமாகக் கராஜில் போய் இறங்கினான். ஒஸ்வால்ட் சேர்ட்டைப் பார்க்கவில்லை. நேரே காரின் பின்பக்கம் போய்க் குந்தி, சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் கண் மை போட்டது போல் இருந்தது.

"லீட்டருக்கு எவ்வளவு ஓடுது மகன்?"

"பத்து... ஏழு, அங்கிள்."

ஒஸ்வால்ட் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "ஏழு லொறிக்கு."

"ட்ராஃபிக், அங்கிள்."

"ட்ராஃபிக் எனக்கும்தான் இருக்கு." கார்க் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "சாமி படத்துக்குப் பின்னால என்ன எரியுது? நான் தொட மாட்டேன். நீயே தூக்கு."

வினோதன் பிள்ளையாரின் ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பினான். ஒஸ்வால்ட் மஞ்சள் விளக்கைப் பார்த்தார். கராஜ் சுவரில் இருந்த அந்தோனியார் சுருவமும் பார்த்தது.

"சைலன்சர் குழாயில முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, ரெண்டு ஒட்சிசன் சென்சர் இருக்கு மகன். வெளிய போற புகையில எவ்வளவு ஒட்சிசன் மிச்சம்னு மோந்து பார்த்து, இவ்வளவு பெற்றோல் போதும்னு சொல்றது அதுதான். அது செத்துட்டா இஞ்சின் தடிமன் பிடிச்ச சமையக்காரன் மாதிரி. மணமும் தெரியாது, ருசியும் தெரியாது. அள்ளி அள்ளி ஊத்தும்."

"மாத்தலாம், அங்கிள். சனிக்கிழமை கொண்டுவாறன்."

"ஏன் சனிக்கிழமை?"

"நல்ல நாள்."

"இன்னைக்கும் நல்ல நாள்தான். மாதா கோயில்ல நொவேனா பூசை." ஒஸ்வால்ட் விரலைத் துணியில் துடைத்தார். "கேளு மகன். நீ எந்தக் கோயிலுக்குப் போறாய்னு நான் கேக்கல. ஆனா வருத்தத்தைப் படம் ஒட்டி மறைக்கிறவன், நாளைக்கு என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்னத்த ஒட்டுவான்?"

வினோதன் கேக் பெட்டியை நீட்டினான்.

ஒஸ்வால்ட் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி இரண்டு சென்சர் எடுப்பித்தார். பழையவை துருப்பிடித்துக் குழாயோடு ஒன்றாகிக் கிடந்தன. எண்ணெய் அடித்து, சூடு காட்டி, சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்ன பிறகுதான் கழன்றன. பின்னேரம் கார் பூனை மாதிரி நின்றது. பிள்ளையார் இருட்டில் இருந்தார்.

பெற்றோல் தாங்கியை வாய்வரை நிரப்பச் செய்து, ஒஸ்வால்ட் தீர்ப்புச் சொன்னார். "வெள்ளிக்கிழமை வா. திரும்ப நிரப்பிப் பார்ப்போம். லீட்டருக்குப் பன்னிரண்டு இருந்தா உள்ள வந்து தேத்தண்ணி குடி. இல்லாட்டி நீ காரையும் பார்க்கத் தெரியாதவன், ஓட்டவும் தெரியாதவன்."

அன்றிரவே வினோதன் றஷ்மிக்கு அழைத்தான். உன் அப்பாவுக்கு விளக்கு அணைந்திருக்க வேண்டும், என் அம்மாவுக்கு எரிய வேண்டும், இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமை என்று விளக்கினான். றஷ்மி சிரித்து முடிய நாலு நிமிடம் ஆனது.

"சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்புங்க, வினோ. ஸ்டார்ட் பண்ணாதீங்க, பண்ணினா அணைஞ்சிரும். லைட் வேலை செய்யுதான்னு பார்க்க, கார் எல்லா லைட்டையும் போட்டுக் காட்டும். அம்மா கேட்டு முடிச்ச பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க."

வியாழக்கிழமை வினோதன் லீவு போட்டுத் தெஹிவளை, பொரளை, தெமட்டகொடை என்று கொழும்பைச் சுற்றினான். அக்சிலறேற்றரை முட்டையை மிதிப்பது போல மிதித்தான். முச்சக்கரவண்டிகள் முந்தின. சைக்கிளில் போன பாண்காரன் முந்தினான். பொரளைச் சந்தியில் ஒரு மரண ஊர்வலமும் அவனை முந்திச் சென்றது. பிரேத வண்டிச் சாரதி திரும்பிப் பார்த்து, "மொக்கத மல்லி, லெடத?" என்று கேட்டார். என்ன தம்பி, சுகமில்லையா என்று கேட்கப் பிரேத வண்டிக்காரனை விடப் பொருத்தமான ஆள் கிடையாது.

வெள்ளி காலை. அம்மா பூக்கூடையோடு முன் ஆசனத்தில் இருந்தார். வினோதன் சாவியை ஒரு கட்டம் திருப்பினான். பிள்ளையார் ஒளிர்ந்தார். அவரைச் சுற்றிச் சிவப்பிலும் மஞ்சளிலும் ஆறேழு விளக்குகள் சேர்ந்து ஒளிர்ந்தன.

"இண்டைக்கு ஏன்டா எல்லாரும் எரியினம்?"

"பரிவார மூர்த்திகள், அம்மா. கெதியாக் கேளுங்கோ."

அம்மா கண்ணை மூடினார். வழக்கமான கேள்வி ஒரு வசனம். இன்றைய கேள்விக்கு முன்னுரை இருந்தது போலிருக்கிறது. உதடுகள் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். பின்னால் ஹோர்ன் அடித்தது.

"தம்பி! எடுமன் காரை! எனக்கு எட்டரைக்கு டொக்டர்!" சிவபாலன் அங்கிள்.

வினோதன் கையைக் காட்டினான். ஹோர்ன் நீண்டது. மேல்மாடி யன்னல்கள் திறந்தன. அங்கிள் கதவைத் திறந்து இறங்கிவரும் சத்தம் கேட்டது. வினோதன் ஸ்டார்ட் பண்ணினான்.

அம்மா கண் திறந்தார். மீற்றர் பலகை சுத்தமான இருட்டு.

"நான் பிள்ளையின்ர பேரைச் சொன்னனான். அவர் அணைஞ்சிட்டார்."

பம்பலப்பிட்டியில் சிவப்பு விளக்கில் நின்றபோது வினோதன் எல்லாவற்றையும் சொன்னான். ஸ்டிக்கர், சென்சர், தடிமன் பிடித்த சமையற்காரன், சாவி. கொள்ளுப்பிட்டி தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அப்ப ரெண்டு வருஷமா நான் கும்பிட்டது சைலன்சரின்ர வருத்தத்தையோ?"

"ஓம், அம்மா."

"பெரியம்மா வீட்டுக்குப் போகவேண்டாம் எண்டது?"

"சென்சர்."

"அதுக்கு நான் எப்படியும் போயிருக்கமாட்டன்." அம்மா பூக்கூடையை மடியில் திருப்பி வைத்தார். "நெருப்பை முதுகில வச்சுக்கொண்டு அந்த மனுசன் ரெண்டு வருஷம் இருந்திருக்கிறார். நீ பாத்துக்கொண்டு ஓடியிருக்கிறாய்." கொஞ்சம் பொறுத்து, "சாவியை அப்பிடித் திருப்பச் சொன்னது ஆர்? உனக்கு அவ்வளவு மூளை இல்லை."

"றஷ்மி."

"ம்." பிறகு, "கோயிலுக்குப் பிறகு போவம். முதல் கராஜுக்கு விடு."

ஒஸ்வால்ட் வணக்கம் சொல்லி, இருக்கக் கதிரை கொடுத்தார். அம்மா இருக்கவில்லை.

"நீங்களோ அவரைச் சுகப்படுத்தினது?"

"யாரம்மா?"

"பிள்ளையாரை."

ஒஸ்வால்ட் அந்தோனியாரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "நான் காரைத்தான் பார்த்தேன் அம்மா."

எல்லோருமாகப் பெற்றோல் செட்டுக்குப் போனார்கள். செய்தி கேட்டு லீவு போட்டுவிட்டு ஓடிவந்த றஷ்மியும் பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டாள். நூற்றுப் பதினொரு கிலோமீற்றர் ஓடியிருந்தது. ஒன்பது லீட்டரும் கொஞ்சமும் பிடித்தது. ஒஸ்வால்ட் கைத்தொலைபேசியில் வகுத்து, கணிதப் பட்டதாரியிடமும் சரிபார்த்து, அம்மாவுக்கு நேரே நீட்டினார். பன்னிரண்டு. அவர் முகத்தில் தேத்தண்ணிக்கு வரச் சொல்லும் களை வந்திருந்தது.

வினோதன் அம்மாவைப் பார்த்தான். றஷ்மியும் பார்த்தாள். கேட்க வேண்டிய கேள்வியை இனி யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. பிள்ளையார் தன்பாட்டுக்கு இருட்டில் ஓய்வாக இருந்தார்.

அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றி அந்த இலக்கத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"பன்னிரண்டுதானோ? காரை வாங்கேக்க பதினாலு ஓடினது." ஃபோனைத் திருப்பி ஒஸ்வால்டின் கையில் வைத்தார். "அந்த மிச்ச ரெண்டையும் கலியாணத்துக்கு முதல் எடுத்துத் தாங்கோ."