பிணத்துக்குப் புல்லரித்தது

செத்துக் கிடந்து பதினோரு நிமிடம் ஆனபோதுதான் அவருக்குத் தலை அரிக்கத் தொடங்கியது.

சாதாரண அரிப்பா அது! உலகத்து எறும்பெல்லாம் மாநாடு கூட்டி, அவர் வழுக்கையின் ஓரமாக ஊர்வலம் போனதுபோல. டி.வி. தொடர்களில் பிணமாகப் படுக்க அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முப்பத்திரண்டு வருடம் அலுவலக நாற்காலியில் அசையாமல் இருந்து பெற்ற பயிற்சி. ஓய்வுபெற்றபின் இதுவரை நாற்பத்தேழு முறை செத்தாயிற்று. படுப்பதில் குறையே இல்லை, எழுவதில்தான் வினை. எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். போன வாரம் ‘கட்’ சொன்னதும் எழுந்தவர், கண் இருட்டி, கதாநாயகியின் மாமியாரையும் விளக்கையும் சேர்த்துக்கொண்டு தரையில் விழுந்தார்.

“சார், இன்னொரு தடவை இப்படின்னா ரப்பர் பொம்மையப் படுக்க வெச்சுக்குவேன்” என்று டைரக்டர் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை, பொம்மையை வரவழைத்து மூலையில் சாய்த்தும் வைத்திருந்தார்.

டாக்டர் கொடுத்த மாத்திரை அழுத்தத்தை ஏற்றும். ஆனால் போட்டபின் நாலு மணி நேரம் படுக்கக் கூடாது. படுத்தால் அழுத்தம் எகிறி மண்டைக்குள் எதுவும் ஆகலாம். நிற்க மாத்திரை வேண்டும். மாத்திரை போட்டால் படுக்கக் கூடாது. படுக்காமல் என்ன பிணம்? ஷூட்டிங் முடிந்துதான் போடுவேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டு, வந்த இடத்தில் பொம்மையைப் பார்த்ததும் கழிவறைக்குள் போய் விழுங்கிவிட்டார்.

இப்போது காதுக்குள் ரயில் இஞ்சின் ஓடியது. மேலே குனிந்து கதறிக்கொண்டிருந்த ‘மகள்’ சட்டென்று அடங்கினாள். அவர் முன்கையில் ரோமங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றுகொண்டிருந்தன.

“அய்யோ… பொணத்துக்குப் புல்லரிக்குது!”

அழ வந்த கூட்டம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஒருத்தி மட்டும் முண்டியடித்து முன்னால் வந்தாள். துணைக்கு வந்து, ஆள் போதாமல் அழ உட்கார்த்தப்பட்டிருந்த அவர் மனைவி. மாத்திரையோடு வந்த தாளை எழுத்து விடாமல் படித்தவள். தலையரிப்பும் புல்லரிப்பும் எதனால் வருமென்று அவளுக்குத் தெரியும்.

“ஏங்க… மாத்திரை போட்டு எவ்வளவு நேரமாச்சு?”

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பிணம் பேசுமா?

“உங்களைத்தான் கேக்குறேன். சொல்லித் தொலைங்க! ஒரு மணி நேரமா, ரெண்டா?”

குரல் உடைந்தது. அந்த அறையில் அழுத கண்களில் கிளிசரின் போடாதவை அவளுடையவை மட்டும்தான். டைரக்டர் வாயைப் பிளந்தபடி நின்றார். ‘கட்’ என்ற சொல்லே அவருக்கு மறந்துபோயிற்று.

வெள்ளைத் துணிக்கு அடியிலிருந்து ஒற்றை விரல் மெல்ல எழுந்தது.

அவரைத் தூக்கி உட்காரவைக்க அவள் இரண்டு கைகளையும் தோளுக்கடியில் கொடுத்தாள். மூலையில் பொம்மை, ஒரு ரோமம்கூட அசையாமல், கச்சிதமாகச் செத்திருந்தது.