நாலு புள்ளி ஒன்று

மகள் கிளாரிசாவின் மதிப்பெண் சராசரி 4.1 என்று டெஸ்மண்ட் தேவாலயத்தில் மூன்று பேரிடமாவது சொல்லியிருந்தார். மொத்தமே நான்குதானே என்று ஒருவர் கேட்டபோது, "அதுக்கும் மேல போயிட்டா லா" என்றார். எப்படி என்று அவருக்கே தெரியாது.

அவர்களுக்கு சிங்கப்பூருக்கு அக்கரையில், கெலாங் பாத்தாவில் வீடு. டெஸ்மண்ட் தினமும் எல்லைப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் விமானம் பழுதுபார்க்கும் வேலைக்குப் போகிறவர். கிளாரிசா அமெரிக்கப் பாடத்திட்டத் தனியார் பள்ளி ஒன்றில் கடைசி ஆண்டு படித்தாள்.

நவம்பரில், உதவித்தொகை விண்ணப்பத்துக்காகப் பள்ளி கொடுத்த தாளில் சராசரி 3.6 என்று இருந்தது. டெஸ்மண்ட் லீவு போட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போனார். மதிப்பெண் பதிவுகளைக் கவனிக்கும் ஐலீன் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டும் சரிதான் சார்."

"ஒரே பொண்ணுக்கு எப்படி மிஸ் ரெண்டு சராசரி?"

"A-க்கு நாலு, B-க்கு மூணு. இருபது பாடத்துல பன்னெண்டு A, எட்டு B. கூட்டினா எழுபத்திரண்டு, வகுத்தா மூணு புள்ளி ஆறு. இது அன்வெயிட்டட். எந்தப் பாடம் கஷ்டம், எது லேசுன்னு பார்க்காது. வெயிட்டட்ல, கஷ்டமான பாடத்துக்கெல்லாம் ஒரு பாயிண்ட் கூட. கிளாரிசா அப்படிப் பத்துப் பாடம் எடுத்திருக்காங்க. எண்பத்திரண்டு ஆயிடும். அதான் நாலு புள்ளி ஒண்ணு."

"அப்போ அதையே அனுப்புங்க."

"உதவித்தொகை கொடுக்கிறவங்க கேட்கிறது அன்வெயிட்டட் சார். குறைஞ்சது மூணு புள்ளி ஏழு வேணும்."

டெஸ்மண்ட் மனத்துக்குள் கணக்குப் போட்டார். இரண்டு B, A ஆகியிருந்தால் போதும். இரண்டு ஆண்டுக்கு முன் கிளாரிசா சாதாரணக் கணக்கும் புகைப்படக் கலையும் எடுக்கிறேன் என்றாள். "படம் எடுத்து என்ன செய்யப்போற?" என்று கேட்டு, உயர்நிலை இயற்பியலிலும் கால்குலஸிலும் அவளைச் சேர்த்தது அவர்தான். இரண்டிலும் B.

திரும்பும் வழியில், காரில் டெஸ்மண்ட்தான் முதலில் பேசினார்.

"நீ அப்பவே சொன்ன. நான்தான் கேட்கல" என்றார்.

"ஃபிசிக்ஸ் எனக்குப் பிடிச்சிருந்துச்சு டாடி. கால்குலஸ்தான் உயிரை வாங்குச்சு."

தனக்காகச் சொல்கிறாளா, உண்மையாகவே பிடித்திருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

அந்த உதவித்தொகையை விட்டுவிட்டார்கள். கிளாரிசா வேறு இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள். என்னென்ன பாடம், ஒவ்வொன்றிலும் என்ன கிரேடு என்று முழுப் பட்டியலையும் வாங்கி, தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளும் இடங்கள் அவை. ஒன்று மறுத்துவிட்டது.

மார்ச் கடைசியில் ஒரு காலை, டெஸ்மண்ட் பாலத்து நெரிசலில் நின்றிருந்தபோது போன் வந்தது.

"டாடி, இன்னொண்ணு கிடைச்சிருச்சு. ஃபிசிக்ஸ்."

"நீ கேட்ட பாடமா?"

"நான் கேட்டதுதான்."

பின்னாலிருந்தவர் ஹார்ன் அடித்தார். முன்னால் நாலு கார் தூரத்துக்கு இடம் விழுந்திருந்தது.